ராக்கு கத்தினால் யாரும் ஓடுவதில்லை

3 பிப்ரவரி 2025, திங்கள். ஊத்துப்பாறை

சமயநல்லூரில் பஸ்ஸைக் கோட்டை விட்டேன். மலைக்கு ஒரு நாளைக்கு மூன்றே பஸ். அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் நின்று, ஊத்துப்பாறைக்கு வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. கீழே மதுரையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியவில்லை. இங்கே வந்ததும் ஸ்வெட்டரைத் தேடுகிறேன். கல்லூரியில் ஆராய்ச்சி விடுப்பு வாங்கி இரண்டு வருடமாக வந்து போகிறேன், முதல் நாள் குளிர் மட்டும் இன்னும் பழகவில்லை.

சோணை அண்ணன் அறையைக் கூட்டி வைத்திருந்தார். அவர் வீட்டை ஒட்டிய அறை. வனத்துறையில் தற்காலிகக் காவலர், என் வேலைக்குத் துணையாக அவரை ஒதுக்கியிருக்கிறார்கள். குரங்குகளுக்குப் பெயர் வைத்தது அவர்தான். நான் பெண் ஒன்று, பெண் இரண்டு என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னா மேடம், டவுன் பஸ்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பெண் ஒன்று, ராக்கு.

ராக்குவுக்கு ஒரு காது கிழிந்திருக்கும். இருபத்தாறு குரங்குகள் உள்ள கூட்டத்தில் அதற்குத்தான் வயது அதிகம். அது ஒரு கத்துக் கத்தினால் கூட்டம் முழுவதும் மரத்தில் இருக்கும். நான் பேனா மூடியைத் திறப்பதற்குள்.

4 பிப்ரவரி, செவ்வாய்

இன்று ஒரே ஒரு முறை ஸ்பீக்கரைப் போட்டோம். போன வருடம் நாய் வந்தபோது ராக்கு கத்திய கத்தலின் பதிவு, இரண்டே விநாடி. சோணை அண்ணன் புதருக்குள் ஸ்பீக்கரை வைத்துவிட்டு வந்தார். நாயே இல்லை, சத்தம் மட்டும்தான். எல்லாம் மேலே ஏறிவிட்டன. ஏறிய பிறகு கீழே பார்த்தன, வானத்தைப் பார்க்கவில்லை. அப்படியானால் அந்தச் சத்தத்துக்கு அவற்றிடம் அர்த்தம் இருக்கிறது. 'பயம்' என்று மட்டும் இல்லை, 'தரையில் வருகிறது' என்று. இரண்டு வருடம் கழித்தும் எனக்கு இதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறிகிறது.

சாயங்காலம் பாறையில் உட்கார்ந்தேன். சமவெளி முழுவதும் தெரிந்தது, வைகை ஒரு மங்கல் கோடாக. அங்கே இத்தனை லட்சம் பேர் இந்த நிமிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு சத்தம்கூட இங்கே வரவில்லை. அத்தனை பேச்சுக்கும் முதல் வார்த்தை எதுவாக இருந்திருக்கும்? வகுப்பில் ஒருத்தி 'அம்மா' என்றாள். 'ஓடு' என்றுதான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

6 பிப்ரவரி, வியாழன்

அழகுபாண்டி சார் போன் செய்தார். என் ஆராய்ச்சி வழிகாட்டி. "சாம்பிள் பத்தாதும்மா. மார்ச் பதினஞ்சுக்குள்ள கட்டுரை போகணும், இல்லைன்னா அடுத்த வருஷம்தான்" என்றார்.

அனுமதிக் கடிதத்தில் தெளிவாக இருக்கிறது: ஒரு குரலை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போடக் கூடாது. வாரத்துக்கு ஒன்று என்றால் இன்னும் ஐந்து முறைதான் கிடைக்கும். எனக்கு முப்பது வேண்டும். மற்ற குரங்குகளின் பதிவுகளில் காற்றுச் சத்தம். ராக்குவின் குரல் ஒன்றுதான் சுத்தமாக இருக்கிறது.

பத்து நாள், ஒரு நாளைக்கு மூன்று முறை. சோணை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"தெனமும் போட்டா அதுக ஏமாந்து போகாதா மேடம்?"

"பத்து நாள்தாண்ணே. யாராச்சும் கேட்டா வாரத்துக்கு ஒருக்கன்னு சொல்லிருங்க."

"நீங்க சொன்னா செரி."

9 பிப்ரவரி, ஞாயிறு. மதுரை

காலையில் ஒரு முறை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மற்ற இரண்டையும் சோணை அண்ணனே போட்டு எழுதி வைப்பார். அவர் எழுத்து என்னுடையதைவிட அழகு.

மகள் ஜெயினு பாலைத் துளசித் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். நம் வீட்டில் ஏது துளசி என்றால், பக்கத்து வீட்டுத் துளசி. கேட்டதற்கு, "பூன குடிச்சிருச்சு" என்றாள். எங்கள் வீட்டுக்குப் பூனையே வராது. மூன்று வயதும் நாலு மாதமும். அவள் அப்பா அனீஸ் விழுந்து விழுந்து சிரித்தார். நான் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்: முதல் பொய்.

"பொய் சொன்ன பிள்ளைய அதட்டாம எழுதிட்டு இருக்க" என்றார் அனீஸ்.

அதட்டுவதா? அவளுக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டதே. எவ்வளவு பெரிய விஷயம். என் தலைக்குள் இருப்பது வேறு, உன் தலைக்குள் இருப்பது வேறு. நடுவில் ஒரு வார்த்தையைப் போட்டு உன் தலைக்குள் இருப்பதை மாற்றலாம். மனித மூளையின் பாதி இதற்காகத்தான் வளர்ந்திருக்கும் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன்.

13 பிப்ரவரி, வியாழன். ஊத்துப்பாறை

முதல் நாள் ஒரு விநாடிக்குள் ஏறியவை இன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டன. இரண்டு குட்டிகள் ஏறவே இல்லை. ஒரு ஆண் குரங்கு கொட்டாவி விட்டது.

இன்னொன்று: ஸ்பீக்கர் கத்தியபோது ராக்கு அத்திமரத்தடியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. தன் குரல் புதருக்குள்ளிருந்து வருவதைக் கேட்டது. புதரைப் பார்த்தது, பிறகு மற்றவற்றைப் பார்த்தது. குறிப்பேட்டில் 'சுவாரசியம்' என்று எழுதியிருக்கிறேன்.

15 பிப்ரவரி, சனி

முப்பது முடிந்தது. ஸ்பீக்கரை மூட்டை கட்டியாயிற்று.

17 பிப்ரவரி, திங்கள்

வரைபடம் போட்டேன். மாடிப்படி இறங்குவதுபோல் ஒழுங்காக இறங்குகிறது. கடைசி நாள் கிட்டத்தட்டச் சுழி. சார் போனில், "அடடா, இது நாம தேடுனதவிட நல்லாருக்கேம்மா" என்றார். ஒரு குரங்கின் வார்த்தை எத்தனை முறை பொய்யானால் கூட்டம் அதை நம்புவதை நிறுத்தும் என்பதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

5 மார்ச், புதன்

நான்காவது நோன்பு. எழுதக் கை வரவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியம் சுனைக்கரையில் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கப் பாறையில், சோணை அண்ணன் எனக்குக் கீழே. அத்திமரத்தின் மேலிருந்து ராக்கு கத்தியது. நான் அனிச்சையாக ஸ்பீக்கர் பையைத் தேடினேன். பை அறையில் பூட்டியிருக்கிறது.

கீழ்த்தோட்டத்து நாய்கள், மூன்று. ஓடை வழியாகச் சத்தமில்லாமல் வந்துவிட்டன.

யாரும் ஏறவில்லை. இரண்டு குரங்குகள் ராக்குவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் வாயை வைத்தன. ராக்கு கத்துகிறது. நாலு தடவை. அஞ்சு தடவை. மரத்திலிருந்து பாதி இறங்கி வந்து கத்துகிறது. எனக்கு எழுந்து கூச்சல் போடக்கூடத் தோன்றவில்லை, நான் விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தியமாக எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று. பழக்கம்.

சோணை அண்ணன்தான் கல்லை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குள் முன்னால் வந்த நாய் ஒரு குட்டியைக் கவ்விவிட்டது. பிறந்து ஒன்பது நாள். தாய் ரொம்பச் சின்னது, அதற்கு இது தலைச்சன். நாய்கள் ஓடிய பிறகு அது சுனையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நாந்தான் செஞ்சேன். வேற யாரு. அந்த ஒம்பது நாள் குட்டிக்கு என்னா தெரியும்? ராக்கு நெசத்தத்தான் சொல்லுச்சு, அத நான்ல பொய்க்காரியாக்கி வச்சேன்.

6 மார்ச், வியாழன்

சோணை அண்ணன் வழக்கம்போலவே 'வாங்க மேடம்' என்றார். திட்டியிருக்கலாம். அவர் மனைவி முத்துத்தாய் அக்கா நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். போன வருடம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் உப்பு கூட. முழுவதையும் குடித்தேன்.

10 மார்ச், திங்கள்

ராக்கு இன்னும் கத்துகிறது. இன்று கழுகுக்குக் கத்தியது. மற்றவை ஓடுவதில்லை, வேறு யாராவது கத்துகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கின்றன. யாரும் கத்தாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நான் வகுப்பில் சொன்னது தப்பு. பொய் சொல்ல என்ன பெரிய மூளை வேண்டும், ஒரு ஸ்பீக்கர் போதும். மூளை வளர்ந்தது கேட்கிறவர்களுக்கு. யார் சொல்வதை நம்புவது, யார் சொல்வதை நம்பக் கூடாது என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நினைவு வைத்துக்கொள்ள. பேச்சுக்குச் செலவே இல்லை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படி இருந்தும் மனிதர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டு இத்தனை ஆயிரம் வருடம் வந்திருக்கிறோம் என்றால், பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நேரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன்?

14 மார்ச், வெள்ளி. மதுரை

கட்டுரையை அனுப்பிவிட்டேன். 'ஒலிபரப்புகள் யாவும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் செய்யப்பட்டன' என்று ஒரு வரி. நோன்பு வைத்த வாயை மூடிக்கொண்டு விரலால் பொய் சொன்னேன். குட்டி செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

20 மார்ச், வியாழன்

வனத்துறை அலுவலகத்திலிருந்து ஜெயபாண்டி போன் செய்தார், ஊத்துப்பாறைக்கு வனவர். சுனைக்குப் போகும் பாதையில் மிருகங்களை எண்ணுவதற்கு ஒரு தானியங்கி கேமரா கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் பத்து நாளும், ஒரு நாளைக்கு மூன்று தடவை, சோணை அண்ணன் ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் படங்கள். நான் ஒரு படத்திலும் இல்லை. நான் எப்போதும் முன்னாலேயே மேல்பாதை வழியாகப் போய் நோட்டோடு உட்கார்ந்துவிடுவேனே.

பலாத் தோட்டக்காரர்களுக்காக அவர் குரங்கு விரட்டியிருப்பாரோ என்று சந்தேகம். கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "வாரத்துக்கு ஒருக்கத்தான் சார் போட்டம்" என்றிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். அப்புறம்தான் படங்களை மேசையில் பரப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வாயையே திறக்கவில்லையாம்.

"நீங்க எத்தன தடவ போடச் சொன்னீங்க மேடம்?" என்று ஜெயபாண்டி கேட்டார்.

"நோட்டப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

நோட்டு என் மடியில் இருந்தது.

21 மார்ச், வெள்ளி

சோணை அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு வருடம்.

24 மார்ச், திங்கள்

முத்துத்தாய் அக்கா போன் செய்தார். "மேடம், நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்ருவாகளாம்ல. ஊருல குரங்கப் புடிச்சு விக்கிறவன்னு பேசுறாக. அவரு வெளிய தலகாட்ட மாட்டேங்கிறாரு."

சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பேசிட்டேன்க்கா. ரெண்டு நாள்ல கூப்புடுவாக. அண்ணன நேர்ல போய்ப் பாக்கச் சொல்லுங்க."

பேசவில்லை. பேசப்போகிறேன் என்பதையே பேசிவிட்டேன் என்று சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்தானே, நாளைக்குக் காலையில் பேசிவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். நாளைக்குப் பேசிவிடு, ஜஸீலா.

25 மார்ச், செவ்வாய்

பேசவில்லை.

27 மார்ச், வியாழன்

ஜெயபாண்டியே கூப்பிட்டார், அனுமதிச் சீட்டு நகல் கேட்டு. பேச்சோடு பேச்சாக, "உங்காளு நேத்து வந்து வாசல்ல நின்னாரு மேடம். நீங்க பேசிட்டீங்கன்னாரு. யாரும் பேசலையேய்யான்னேன். செரிங்கன்னுட்டுப் போயிட்டாரு" என்றார்.

முத்துத்தாய் அக்கா போன் செய்யவில்லை. சோணை அண்ணனும் செய்யவில்லை. 'ஏன் அப்படிச் சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன்.

31 மார்ச், திங்கள். பெருநாள்

எல்லோரும் போன பிறகு அனீஸிடம் சொன்னேன். முழுவதையும், குட்டியையும் சேர்த்து.

"உன் வேல போயிருமா?"

"வேல போகாது. பட்டம் தள்ளிப்போகும். போகவும் செய்யலாம்."

"அவருக்கு வேல போயிருச்சுல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து ஜெயினுவின் புதுச்சட்டையை மடித்து வைத்தார்.

3 ஏப்ரல், வியாழன்

சாப்பிட உட்காரும்போது ஜெயினுவிடம் கை கழுவினாயா என்றேன். கழுவினேன் என்றாள். பொய் சொல்லாதே என்று முதுகில் ஒரு அடி வைத்தேன். அழுதுகொண்டே கையை நீட்டினாள். ஈரமாக இருந்தது, சோப்பு வாசனை.

7 ஏப்ரல், திங்கள்

கடிதம் எழுதினேன். முப்பது முறை, தேதிவாரியாக. சோணை என்பவர் என் உத்தரவின்படி மட்டுமே நடந்தார், அவரைப் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான் என்று. மார்ச் ஐந்தாம் தேதி நடந்ததையும் எழுதினேன்.

அனுப்புவதற்கு முன் அழகுபாண்டி சாரிடம் காட்டினேன். படித்து முடித்து, மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ஆளுக்கு வேல திரும்பக் கிடைக்கணும், அம்புட்டுத்தானம்மா? மேல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். ஏழைப்பட்டவன், தெரியாமப் பண்ணிட்டான்னு ஒரு வார்த்த சொன்னாச் சேத்துக்குவாங்க. கடிதமே வேண்டாம். அவரும் பொழச்சுக்குவாரு, நீயும் பொழச்சுக்குவ."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்கிறேன், உண்மையிலேயே யோசிக்கிறேன். வெட்கம் கெட்டவள்.

9 ஏப்ரல், புதன்

'தெரியாமப் பண்ணிட்டான்.' அந்த வார்த்தையோடு அவர் மலைக்குத் திரும்பிப் போனால், ஊரில் என்ன பேசுவார்கள்? குரங்கு பிடித்தவன், பெரிய இடத்துச் சிபாரிசில் தப்பித்தவன் என்று. வேலை திரும்பும், அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு திரும்பாது. நாளைக்கு அவர் ஓடிப்போய்த் தீ என்றால்கூட ஜெயபாண்டி இன்னொருவரை அனுப்பித்தான் பார்ப்பார்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். கட்டுரையையும் திரும்பப் பெறச் சொல்லி எழுதினேன். சாருக்கும் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

22 ஏப்ரல், செவ்வாய்

நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான்கு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். 'குட்டி செத்ததை அன்றே ஏன் தெரிவிக்கவில்லை' என்று கேட்டார்கள். பயம் என்றேன். ஒருவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

30 ஏப்ரல், புதன்

என் அனுமதி ரத்து, இரண்டு வருடத்துக்கு. கல்லூரியிலிருந்தும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததும் வலிக்கத்தான் செய்கிறது. மத்தியானம் முழுவதும் குப்புறப் படுத்திருந்தேன்.

7 மே, புதன்

ஜெயபாண்டி சொன்னார்: உத்தரவு வந்துவிட்டது. சோணை அண்ணன் மேல் குற்றம் இல்லை, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். ஊரில் கூட்டம் போட்டு ரேஞ்சரே சொல்லிவிடுவாராம். "நான் இன்னும் அவருட்ட சொல்லல மேடம், சிக்னல் கெடைக்கல" என்றார்.

நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

9 மே, வெள்ளி

திருவிழாக் கூட்டம். சமயநல்லூர் வரை ஒற்றைக் காலில் நின்று போனேன். மலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. காட்டுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை, ஊர் வரைக்கும் போகலாம். ஜன்னல் வழியாகக் குரங்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

சோணை அண்ணன் வாசலில் கோடாலிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மெலிந்திருந்தார். முத்துத்தாய் அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியில் நின்றார்.

பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்பதற்கு நிறைய வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. விஷயத்தைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று. கடைசியில், "என்னய மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"அட, என்னாங்க மேடம்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் இருந்தது.

கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இந்தா வாரேன்" என்று சொல்லி, சிக்னல் கிடைக்கும் பாறைக்கு நடந்தார். பத்தடி தூரம்தான். அவர் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஜெயபாண்டி சார், சோணை பேசுறேன். மேடம் வந்திருக்காக. திங்கக்கெழம வேலைக்கு வரலாங்கிறாக... நெசமா சார்?... உத்தரவ நீங்க கண்ணால பாத்தீகளா?... ரேஞ்சர் சாரும் சொன்னாரா?... செரி சார்."

முத்துத்தாய் அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாகளாம் மேடம்" என்றார், நான் இன்னும் கேள்விப்படாத ஒரு செய்தியைச் சொல்வதுபோல.